யாருடைய சந்தை?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கோயமுத்தூரில் ஒரு சிறு மண்டபத்தில் இந்திய ஓவியம் பற்றி ஒரு சொற்பொழிவு நடந்தது. முப்பது பேர் வந்திருந்தோம். எங்கள் ஊரில் கலை விஷயத்துக்கு முப்பது பேர் கூடினால் அதை மாநாடு என்றே சொல்லிவிடலாம். பேசிய அன்பர் விஷயம் தெரிந்தவர். திரையில் ஒவ்வொரு படமாகக் காட்டி, நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியாக அம்ருதா ஷேர்கில் 1937-ல் தீட்டிய ‘சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்’ என்ற படத்தைக் காட்டினார்.

பின்வரிசையில் ஒரு பெரியவர். பஞ்சாலையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் எழுந்து, “ஏனுங்க, நம்ம சனங்களை இப்படிக் கரிக்கட்டையாட்டம் போட்டிருக்குதே இந்தம்மா?” என்று கேட்டார். சபை சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ஓர் இலக்கிய இளைஞர் எழுந்துகொண்டார். “அம்மா ஹங்கேரிக்காரி, அப்பா பஞ்சாபிலே பெரிய சீமான். பாரிஸிலே படிப்பு. நம்ம சந்தையைப் பற்றி இவங்களுக்கு என்னங்க தெரியும்?” என்றார். சபை கைதட்டியது. பேச்சாளர் ஒரு புன்னகையோடு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. அன்று பேசாமல் வந்ததற்குப் பிராயச்சித்தமாகத்தான் இதை எழுதுகிறேன்.

பெரியவர் மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அவர் படத்தைப் பார்த்தார், பார்த்ததைச் சொன்னார். என் சண்டை இளைஞரோடுதான். பெரியவர் மனத்தில் எழுந்த கூச்சத்துக்கு அவர் ஒரு கௌரவமான சட்டையைத் தைத்து மாட்டிவிட்டார். ‘நம்மைக் கறுப்பாகப் போட்டுவிட்டாளே’ என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ‘அவள் நம்மவள் இல்லை’ என்று சொன்னால் அது கொள்கையாகிவிடுகிறது. பிறப்பு, ஊர், குலம் இவற்றைக் கேட்பது பல சமயங்களில் படத்தைப் பார்க்காமல் தப்பித்துக்கொள்ள ஒரு வழி. இதுதான் என் கட்சி.

சந்தேகமிருந்தால் உங்கள் வீட்டுப் பூஜை அறைக்குப் போய்ப் பாருங்கள். தாமரைமேல் நிற்கும் லக்ஷ்மியும், வீணையோடு உட்கார்ந்திருக்கும் சரஸ்வதியும் எங்கிருந்து வந்தார்கள்? கிளிமானூரில் 1848-ல் பிறந்த ரவிவர்மாவின் தூரிகையிலிருந்து. மலையாள தேசத்துப் பிரபு ஒருவர், ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையில், தேவிகளுக்குப் புடவை கட்டி நிறுத்தினார். 1894-ல் பம்பாய்ப் பக்கத்தில் அச்சகம் வைத்தார். பிற்பாடு அந்த அச்சகத்தையே ஒரு ஜெர்மானியர் விலைக்கு வாங்கி நடத்தினார். நம் பாட்டிமார் கற்பூரம் காட்டிய லக்ஷ்மி ஜெர்மானியர் அச்சகத்து லக்ஷ்மி! அவர் தாயார் எந்த ஊர் என்று ஒருவராவது கேட்டதுண்டா?

ரவிவர்மாவை நான் குறைத்துப் பேசவில்லை. மயிலாப்பூரில் 1898-ல் பிறந்து, சென்னைக் கலைப்பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, கோவில்பட்டியில் தங்கிவிட்ட கொண்டையராஜுவையும் குறைத்துப் பேசவில்லை. தமிழ்நாட்டில் அவர் காலண்டர் தொங்காத சுவரே இல்லை என்று ஒரு காலத்தில் சொல்லலாம். இவர்கள் கைத்திறன் பெரியது. ஆனால் இவர்கள் நமக்குக் கொடுத்தது நாம் ஆசைப்பட்ட முகம். ரோஜா நிறத்தில் பூரித்த கன்னங்கள். அதனால் ஊர் பேர் விசாரிக்காமலே உள்ளே விட்டோம். அம்ருதா கொடுத்தது நமக்கு இருக்கிற முகம். உடனே வாசலில் நிறுத்திவைத்துக் கோத்திரம் கேட்கிறோம்.

கேட்டது கேட்டாகிவிட்டது, அவருடைய பூர்வோத்தரத்தையும் சொல்லிவிடுகிறேன். மறைக்க ஒன்றுமில்லை. அம்ருதா 1913 ஜனவரி 30-ம் தேதி புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங், மஜீட்டியா வம்சத்துச் சீக்கியப் பிரபு, சம்ஸ்கிருதமும் பாரசீகமும் கற்றவர், புகைப்படத்தில் பித்து. தாய் மரீ அந்துவானெத், சங்கீதம் பயின்ற ஹங்கேரிய மாது. எட்டு வயது வரை குழந்தை வளர்ந்தது ஹங்கேரியில். 1921-ல் சிம்லாவுக்கு வந்தார்கள். பதினாறு வயதில் பாரிஸ்; அங்கே அரசாங்கக் கலைப்பள்ளியில் லூசியன் சீமோன் என்ற ஆசிரியரிடம் படிப்பு. 1932-ல் தீட்டிய ‘இளம் பெண்கள்’ என்ற படம் மறு வருஷம் பாரிஸின் பெரிய கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கித் தந்தது. வயது இருபது.

அங்கேயே இருந்திருந்தால் சுகமாகக் காலம் தள்ளியிருக்கலாம். 1934 கடைசியில் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார். 1936 இறுதியில் பம்பாயில் கண்காட்சி முடித்துக்கொண்டு தெற்கே புறப்பட்டார். அஜந்தாக் குகைகளைப் பார்த்தார். மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்ச் சித்திரங்களைப் பார்த்தார். திருவனந்தபுரம், கன்னியாகுமரி என்று சுற்றினார். பிறகு சிம்லாவில் உட்கார்ந்து மூன்று படங்கள் தீட்டினார். ‘மணமகள் அலங்காரம்’, ‘பிரம்மசாரிகள்’, மூன்றாவது இந்தச் சந்தைப் படம்.

முதல் இரண்டையும் டெல்லி ஜெய்ப்பூர் ஹவுஸில் உள்ள தேசிய நவீன கலைக்கூடத்தில் நான் நேரில் பார்த்திருக்கிறேன். சந்தைப் படத்தை அச்சில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அது மனத்தை விட்டுப் போகவில்லை. நெட்டையான உருவங்கள். மண் நிறப் பின்னணி. கறுத்த உடம்புகளின் மேல் வெள்ளைத் துணி. ஒருவரும் நம்மைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டும் என்ற கவலையும் அவர்களுக்கு இல்லை. நிழல் விழுந்ததால் கறுத்த கறுப்பல்ல அது. வெயிலில் நின்று, எண்ணெய் தேய்த்து, தலைமுறை தலைமுறையாக வந்த கறுப்பு. அந்தக் கறுப்பின் அருகில் வைத்ததால்தான் வெள்ளை அப்படி ஒளி விடுகிறது. அஜந்தாவில் கறுத்த உருவங்களுக்கு இருக்கும் கம்பீரத்தைச் சந்தைக்குப் போகிறவர்களுக்கும் கொடுத்திருக்கிறார்.

என் அம்மிச்சி அந்த நிறம்தான். பொள்ளாச்சிக்குக் கிழக்கே ஒரு கிராமம். விடியுமுன் எழுந்து, சும்மாடு கூட்டி, கத்தரிக்காய்க் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடப்பாள். கூடை தலைக்கு ஏறிவிட்டால் பேசமாட்டாள். கழுத்து நிமிர்ந்துவிடும்; முகம் இறுகிவிடும்; கண் மட்டும் தரையைப் பார்க்கும். பின்னால் ஓடி வருகிற பேரன் எதைக் கேட்டாலும் பதில் கிடையாது. சந்தையில் கூடையை இறக்கிய பிறகுதான் அவளுக்கு வாய் வரும். வந்துவிட்டால் பிறகு வியாபாரி பாடு திண்டாட்டம். அந்த முகத்தை நான் மீண்டும் பார்த்தது அம்ருதாவின் படத்தில்தான். நான் எழுதிய கதைகள் எதிலும் அதைப் பார்த்ததில்லை. பிறர் எழுதியவற்றிலும் பார்த்ததில்லை.

ஆனால் எங்கள் வீட்டிலேயே என்ன பேச்சு? “புள்ளை அம்மிச்சி நெறத்துக்கு வந்துருச்சு” என்று பெண் குழந்தை பிறந்த அன்றைக்கே பெருமூச்சு விடுவார்கள். வரன் பார்க்கப் போனால் முதல் கேள்வி, “பொண்ணு செவப்புங்களா?” கல்யாணப் புகைப்படத்தில் மணமகளை வெளுக்க வைப்பதற்கென்றே ஸ்டூடியோக்காரருக்குத் தனிக் கூலி கொடுக்கிறோம். இப்படிப்பட்ட நாம்தான் ஒரு படத்தைப் பார்த்து, ‘எங்கள் சனங்களை உனக்குத் தெரியாது’ என்று தீர்ப்புச் சொல்கிறோம். தெரிந்துவிட்டதே என்பதல்லவா நம்முடைய சங்கடம்!

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் வந்ததல்ல, ராஜாக்களுக்கும் வந்திருக்கிறது. ஹைதராபாத்தில் நவாப் சாலார் ஜங் அவர் படங்களை வாங்காமல் திருப்பிவிட்டார். மைசூர் மகாராஜாவுக்கு ரவிவர்மாவே போதுமென்று தோன்றியது. 1941 டிசம்பர் 5-ம் தேதி லாகூரில் அம்ருதா காலமானபோது வயது இருபத்தெட்டு. பிற்காலத்தில் அரசாங்கம் அவர் படைப்புகளைத் தேசியப் பொக்கிஷம் என்று அறிவித்து, தேசத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் செய்தது. 2023-ல் அவருடைய ‘கதை சொல்லி’ என்ற படம் ஏலத்தில் 61.8 கோடி ரூபாய்க்குப் போயிற்று. அன்றைய தேதியில் எந்த இந்திய ஓவியத்துக்கும் கிடைக்காத விலை. சொற்பொழிவாளர் இந்தத் தொகையைச் சொன்னபோது மட்டும் எங்கள் மண்டபம் முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. விலையைக் கேட்டபோது அம்மா எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

‘அப்படியானால் வெளியார் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாமா, தீட்டலாமா?’ என்று கேட்பார்கள். தாராளமாகத் தீட்டலாம். தப்பாகத் தீட்டினால் தப்பைக் காட்டுங்கள். சென்னைக் கடற்கரையில் 1959-ல் வைத்த உழைப்பாளர் சிலையைச் செய்தவர் வங்காளியான தேவிபிரசாத் ராய் சௌதுரி. பாறையைப் புரட்டும் அந்த நால்வரின் முதுகையும் தோளையும் பார்த்துவிட்டு, இது வங்காள முதுகு என்று எவனாவது சொல்வானா? எங்கள் கொங்கு மண்ணிலிருந்து 1942-ல் ‘நாகம்மாள்’ நாவலைத் தந்தார் ஆர். ஷண்முகசுந்தரம். எங்கள் பேச்சும் எங்கள் காடுகரையும் அச்சில் ஏறியது அவரால். அதே ஷண்முகசுந்தரம்தான் விபூதிபூஷணின் ‘பதேர் பாஞ்சாலி’யைத் தமிழில் கொண்டுவந்தார். கீரனூர்க்காரருக்கு வங்காளத்து ஏழைக் குடும்பத்தின் துக்கம் விளங்கியது. எனக்கும் விளங்கியது. விளங்காது என்று சட்டம் போட்டிருந்தால் நஷ்டம் யாருக்கு?

இளைஞர் கட்சியில் ஒரு நியாயம் உண்டு. அதை மறுப்பது யோக்கியமல்ல. அம்ருதாவுக்குப் பணம் இருந்தது, பாரிஸ் இருந்தது, ரயிலில் தெற்கே வந்து பார்த்துவிட்டுத் திரும்ப அவகாசம் இருந்தது. கூடை சுமந்தவளுக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. அவள் கையில் தூரிகை இருந்திருந்தால் அவள் என்ன தீட்டியிருப்பாள்? நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அம்ருதா அல்ல. கூடை சுமந்தவளின் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் களையெடுக்க அனுப்பியது சிம்லாவும் அல்ல, பாரிஸும் அல்ல. அந்தப் பழியை அம்ருதாவின் தலையில் சுமத்திவிட்டு நாம் கைவீசி நடப்பது நல்ல தந்திரந்தான்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாகவேண்டும். சொல்லச் சுகமாக இல்லை. அம்மிச்சி கூடையோடு நடப்பாள் என்றேனல்லவா? அறுப்புக் காலத்தில் தேங்காயும் வெல்லமும் போக வண்டி கட்டுவார்கள். வண்டி மாடுகள் இரண்டும் காங்கேயம். ஒன்று மயிலை, மற்றொன்று செவலை. எது இடப்பக்கம் பூட்ட வேண்டும், எது மிரளும், எதற்குக் கொம்பில் வடு இருந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். வண்டியை ஓட்டி வந்த ஆள் எங்கள் பண்ணையத்தில் வேலை செய்தவர். மாதாரி வளவிலிருந்து விடியுமுன் வந்து, வாசலுக்கு வெளியே நின்று குரல் கொடுப்பார். தூக்கம் கலையாத என்னை வண்டியில் தூக்கி வைத்து, மேலே சாக்கைப் போர்த்திவிடுவார். பல வருஷம் அவர் வண்டியில் போயிருக்கிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. வீட்டில் அவரை அழைத்த விதத்தை இங்கே எழுதக் கூசுகிறது. அது பெயரல்ல.

நான் அந்த மண்ணில் பிறந்தவன். அந்தச் சந்தையில் வளர்ந்தவன். என் முதல் நாவலில் ஒரு சந்தை அத்தியாயம் உண்டு. பலர் அதைப் பாராட்டியிருக்கிறார்கள். அதில் மாட்டுக்குப் பெயர் இருக்கிறது, குணம் இருக்கிறது. வண்டி ஓட்டியவர் ‘ஆள்’ என்று ஒரு வாக்கியத்தில் வந்து போகிறார். பிறப்புரிமை எனக்குக் கண் கொடுக்கவில்லை. பல இடங்களில் கண்ணை மூடவும் அதுவே உதவியிருக்கிறது. தினமும் பார்ப்பதை யார் பார்க்கிறார்கள்? சில வாரம் வந்து போன ஒருத்தி, வேலைக்குப் போகிற கறுத்த மனிதர்களை நேருக்கு நேர் நின்று, முகம் முகமாகத் தீட்டிவிட்டுப் போயிருக்கிறாள். சொந்தக்காரன் நான் ஒரு சொல்லில் தாண்டிவிட்டேன். எங்களில் யாருக்குச் சந்தை தெரியும்?

இதே கேள்வி என் மேலும் பாய்ந்திருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் மலைத் தோட்டத் தொழிலாளர்களை வைத்து ஒரு நாவல் எழுதினேன். மதிப்புரை எழுதிய ஒருவர் மூன்று பத்தியில் இரண்டரைப் பத்தி என் ஊரையும் என் சாதியையும் ஆராய்ந்தார். மிச்சம் அரைப் பத்தியில் புத்தகத்தின் விலையையும் பக்கத்தையும் சொல்லி முடித்தார். நாவலில் குறை இல்லாமலில்லை. அட்டைக்கடியைப் பற்றி நான் எழுதியது தப்பு என்று பிற்பாடு ஒரு தோட்டத்துப் பெண்மணி கடிதம் போட்டார்; ரத்தம் நின்ற பிறகு வருகிற அரிப்பை நான் எழுதவேயில்லையாம். அதுதான் விமரிசனம். அவர் புத்தகத்தைப் படித்திருக்கிறார். மதிப்புரைக்காரர் என் ஜாதகத்தைப் படித்திருக்கிறார்.

அம்ருதாவின் படத்துக்கும் அப்படிப்பட்ட விமரிசனம் உண்டு. நானே ஒன்று சொல்கிறேன். அந்தப் படத்தில் சத்தம் இல்லை. எல்லோர் மேலும் ஒரே சோகம் கவிந்திருக்கிறது. பாதையில் நடக்கிறவர்களின் மௌனம் சரி. என் அம்மிச்சியே அதற்குச் சாட்சி. ஆனால் சந்தைக்குப் போகிறவனுக்கு ஆசை ஒன்று உண்டு. விற்ற காசில் வாங்கப் போகிற சேலைத் துணி, குழந்தைக்குப் பொரி உருண்டை, பழைய பகை ஒன்றைப் பேசித் தீர்க்கும் எண்ணம், பக்கத்து ஊர்க்காரனை விலையில் மடக்கும் குறும்பு. இந்தக் குறும்பு அவர் முகங்களில் ஓர் இடத்திலும் இல்லை. ஏழை என்றால் துக்கம் என்று பெரிய வீட்டார் நினைப்பதுண்டு. அந்த நினைப்பு அவரையும் தொட்டிருக்கிறது என்று எண்ணுகிறேன். இதற்கு அவர் வளர்ந்த விதம் காரணமாக இருக்கலாம். இருக்கட்டும். ஆனால் இதை நான் கண்டுபிடித்தது படத்தைப் பார்த்து. அவர் பிறந்த ஊரைப் பார்த்து அல்ல. பிறந்த ஊரிலிருந்து தொடங்கியிருந்தால் அந்தக் கழுத்து நிமிர்வையும் பார்த்திருக்கமாட்டேன், இந்தக் குறையையும் பார்த்திருக்கமாட்டேன்.

கலைஞனின் பின்னணியைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. நானே மேலே விஸ்தாரமாகச் சொல்லியிருக்கிறேன். படத்தைப் பார்த்து முடித்தவனுக்கு அது உபகாரம். பார்ப்பதற்கு முன்னாலேயே அதைக் கேட்கிறவன் பார்க்க வந்தவனல்ல. நம் ஊரில் இந்த வியாதி இப்போது முற்றிக்கொண்டு வருகிறது. புத்தகத்தை எடுத்தால் பின்னட்டையைத் திருப்பி, ஆசிரியர் எந்த ஜில்லா, என்ன வகுப்பு என்று பார்த்த பிறகே முதல் பக்கம். நம்மவராக இருந்தால் படிக்காமலே புகழ்ச்சி. இல்லையென்றால் படிக்காமலே நிராகரிப்பு. இரண்டு வழியிலும் புத்தகம் படிக்கப்படுவதில்லை. நஷ்டப்படுகிறவன் எழுத்தாளன் மட்டுமா? அந்த வண்டிக்காரரைப் போலப் பெயர் இல்லாமல் போன எத்தனையோ பேரை யாராவது ஒருவர், எங்கிருந்தோ வந்த ஒருவர், பார்த்து எழுதியிருக்கக்கூடும். அதையும் வாசலிலேயே தடுத்துவிடுகிறோம்.

அந்த இலக்கிய இளைஞருக்கு ஒரு யோசனை சொல்கிறேன். பொள்ளாச்சியில் வியாழக்கிழமை மாட்டுச் சந்தை கூடுகிறது. அந்தப் படத்தின் அச்சுப் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு வாருங்கள். நானும் வருகிறேன். தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்ப்போம். சுமை இறக்குகிறவர்களின் முகத்தைப் பார்ப்போம். பிறகு படத்தை விரித்து, எங்கே சரி, எங்கே தப்பு என்று அங்கேயே நின்று சண்டை போடுவோம். நீங்கள் ஜெயித்தால் எனக்கு சந்தோஷந்தான். பஸ் செலவு என்னுடையது.